இல்லாத பெருவிரல் ஏன் நோகிறது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேண்டுமே. முள்ளியவளையில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பல வருடமாக ஜெய்ப்பூர் கால் என்ற பொய்க்கால் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய் வருகிறார், சைக்கிளும் ஓடுகிறார். ஆனால் இரவில் படுத்தால் இல்லாத அந்தக் காலின் பெருவிரல் உள்ளுக்கு மடங்கி இழுக்கிறது, பாதம் எரிகிறது, சில நேரம் குதிக்கால் கடிக்கிறது, சொறியவும் இடமில்லை என்கிறார். மாரியில் இன்னும் கூடுகிறதாம். மாமி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. கிளினிக்கில் ஒருவர் "அதெல்லாம் மனதில்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார், அதற்குப் பிறகு மாமா இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இது விசரா, பிரமையா, உண்மையில் நோகிறதா, உண்மை என்றால் இல்லாத இடம் எப்படி நோகும்? இதுதான் உங்கள் கேள்வி.

உண்மையில் நோகிறது. விசர் இல்லை. கையோ காலோ இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இழந்த உறுப்பு இன்னும் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு வரும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் நோவும் இருக்கும். வன்னியில் கால் இழந்தவர் இல்லாத ஊரே இல்லை என்னும் நிலையில், உங்கள் மாமாவோடு தேத்தண்ணிக் கடையில் இருக்கிற இன்னும் இரண்டு பேருக்கும் இதே நோ இருக்கக்கூடும், அவர்களும் வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள். பொய்க்கால் போட்டவர்களோடு வேலை செய்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன், நேரே கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால்தான்.

இல்லாத கால் எப்படி நோகும் என்பதை விளங்கிக்கொள்ள, இருக்கிற கால் எப்படி நோகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். காலில் முள் குத்தினால் காலில்தான் நோகிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். காலில் நடப்பது அவ்வளவும் இதுதான்: தோலுக்குள் இருக்கும் வாங்கிகள், அதாவது அழுத்தம், அதிர்வு, சூடு, குளிர், காயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகள், தங்களுக்குரிய தூண்டலைக் கண்டதும் சின்ன மின் துடிப்புகளை அனுப்புகின்றன. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கணத்தாக்கம் என்ற சொல் ஞாபகம் இருக்கும், அதுதான். அது காலில் இருந்து முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கு வந்து, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. நோ என்ற அனுபவம் மூளையில்தான் உண்டாகிறது, உண்டான பிறகு "இது வலது பெருவிரலில்" என்று மூளை முகவரி எழுதி ஒட்டிவிடுகிறது. நமக்குத் தெரிவது அந்த முகவரி மட்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணில் இருந்து வரும் துடிப்பும் காதில் இருந்து வருவதும் பெருவிரலில் இருந்து வருவதும் அடிப்படையில் ஒரே மாதிரியான மின் துடிப்புத்தான். வெளிச்சம் வெளிச்சமாகப் போவதில்லை, சத்தம் சத்தமாகப் போவதில்லை. அப்படியென்றால் எது எது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்துத்தான். யொஹான்னஸ் முல்லர் என்ற ஜெர்மன் உடற்றொழிலியலாளர் 1830களிலேயே இதைச் சொல்லிவிட்டார். நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, காதுப் பக்கமாக இருக்கும் கண் ஓரத்தை இமைக்கு மேலால் மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். மூக்குப் பக்கத்தில் ஒரு வளையம் தெரியும். அங்கே வெளிச்சம் ஒன்றும் இல்லை. அழுத்தம் விழித்திரையைத் தூண்டியது, பார்வை நரம்பு வழியாக வந்ததால் மூளை அதைக் காட்சியாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்னும் தெளிவான உதாரணம், முழங்கையின் உள்பக்க எலும்பு கதவு நிலையில் இடிபட்டால் மின்சாரம் அடித்தது மாதிரி சின்னவிரல் வரை விறைக்கும் இல்லையா, சின்னவிரலில் ஒன்றுமே படவில்லை. அந்த விரலுக்குப் போகும் நரம்பு முழங்கையில் தோலுக்கு மிக அருகால் ஓடுகிறது. நடுவழியில் தட்டினாலும் மூளை கடைசி முனையைத்தான் முகவரியாகப் போடும்.

படலையில் அழைப்பு மணிப் பொத்தான் ஒன்று, அங்கிருந்து வீட்டுக்குள் இருக்கும் மணி வரை வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயர் நடுவில் எங்கோ உரசுப்பட்டு ஒன்றோடொன்று தொட்டாலும் மணி அடிக்கும், உள்ளே இருப்பவர் "படலையில் யாரோ வந்திருக்கினம்" என்றுதான் சொல்வார். படலையையே பிடுங்கி எறிந்த பிறகும் சொல்வார். உங்கள் மாமாவின் பெருவிரலுக்குப் போன நரம்பு முழங்காலுக்குக் கீழே அறுந்து நிற்கிறது, ஆனால் அது செத்துவிடவில்லை. அறுந்த நரம்பு திரும்ப வளரப் பார்க்கும், போய்ச் சேர இடம் இல்லாததால் முனையில் ஒரு முடிச்சுப் போலத் திரளும். அந்த முடிச்சு தொட்டால் கூசும், பொய்க்கால் அழுத்தினால் துடிக்கும், சில நேரம் யாரும் தொடாமலே தானாகவும் துடிப்பை அனுப்பும். குளிருக்கும் அது கூடக் கூசலாம், மாரியில் கூடுகிறது என்று மாமா சொல்வதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, முடிச்சை வெட்டி எடுத்தால் முடிந்ததா? அந்தக் காலத்து வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வெட்டியும் பார்த்தார்கள். சிலருக்குக் கொஞ்சக் காலம் சுகம், பிறகு திரும்பவும் வந்துவிடும். ஏனென்றால் கதையின் பெரிய பாதி மேலே இருக்கிறது.

மேலே போவதற்கு முன் வேகத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு இது பிடிக்கும் என்பதால். நரம்புத் துடிப்பின் வேகத்தை அளக்கவே முடியாது, அவ்வளவு விரைவு என்றுதான் முல்லர் நம்பியிருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளைக் காலை வைத்து அளந்து காட்டினார், செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர்தான் வந்தது. மனிதனில் தொடுகை நரம்புகள் இதைவிட விரைவு, நோ நரம்புகள் இரண்டு வகை. ஒன்று செக்கனுக்குப் பல மீற்றர் ஓடும், மற்றது நடந்து போகிற ஆளின் வேகம், ஒரு மீற்றர் அளவில்தான். வீட்டு வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று, "ஐயோ, இனி வரப்போகுதே" என்று நினைக்க நேரம் கிடைக்கும், ஒரு செக்கன் கழித்து அந்த எரிகிற உளைவு வந்து சேரும். ஒரே இடி, இரண்டு கடிதம், இரண்டு தபால்காரர் என்று எழுதலாம் போல இருக்கிறது, ஆனால் மணி உதாரணம் ஒன்றே போதும்.

இப்போது மூளைக்கு வருவோம். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பு அறுவை வைத்தியர் வலிப்பு நோயாளிகளுக்கு மண்டையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார், நோயாளி விழித்துக்கொண்டு கதைத்துக்கொண்டு இருக்கும்போதே. மூளைக்குத் தன்னளவில் நோ தெரியாது, தோலை மட்டும் மரக்க வைத்தால் போதும். மூளைய மேற்பட்டையில் ஒரு கீற்றை மெல்லிய மின்சாரத்தால் தொட்டால் நோயாளி "என் உதட்டில் ஏதோ படுகிறது" என்பார், கொஞ்சம் தள்ளித் தொட்டால் "கைப் பெருவிரல்" என்பார். அப்படித் தொட்டுத் தொட்டு 1937இல் எட்வின் போல்ட்ரேயோடு சேர்ந்து உடல் முழுவதுக்குமான வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அந்த வரைபடத்தில் உடல் தலைகீழாக, கோணல்மாணலாக இருக்கிறது. உதடும் விரல்களும் பிரமாண்டம், முதுகு ஒரு துண்டு. கைக்குப் பக்கத்தில் முகம். பாதம் மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள மடிப்புக்குள் இறங்கி இருக்கிறது.

வரைபடம் கோணலாக இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஒரு ஈர்க்கால் சோதிக்கலாம். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி நடுவில் மடித்து இரண்டு முனையும் அருகருகே வருமாறு பிடியுங்கள். கண்ணை மூடச் சொல்லி ஒருவரின் விரல் நுனியில் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் மெதுவாக வையுங்கள். இரண்டு முனைக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர் இருந்தாலே "இரண்டு" என்று சொல்லிவிடுவார். அதே ஈர்க்கை முதுகில் வைத்தால் மூன்று சென்ரிமீற்றர் விரித்தும் "ஒன்றுதான்" என்பார், நாலு சென்ரிமீற்றர் அளவுக்குப் போனால்தான் இரண்டாகத் தெரியத் தொடங்கும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் ஒரு பின்னேரம் முழுக்க ஒருவர் முதுகை ஒருவர் குத்திக்கொண்டு இருப்பார்கள். முதுகுத் தோலில் வாங்கிகள் ஐது, மூளையில் அதற்கு ஒதுக்கிய இடமும் சின்னது.

உங்கள் மாமாவின் கால் போனபோது வரைபடத்தில் இருந்த கால் போகவில்லை. இதுதான் முக்கியமான இடம். அந்தப் பகுதியில் இருக்கும் நரம்புக் கலங்கள் அப்படியே இருக்கின்றன, தூண்டப்பட்டால் "வலது பாதம்" என்றே சொல்லும். அவற்றுக்கு வேறு சொல் தெரியாது.

இங்கே நம்முடைய ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. வி. எஸ். ராமச்சந்திரன், 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர் ஆனவர். 1990களின் தொடக்கத்தில், கை இழந்த ஒரு இளைஞனின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டபோது அவன் கன்னத்திலும் உணர்ந்தான், இல்லாத கையின் விரல்களிலும் உணர்ந்தான். வரைபடத்தில் கைக்குப் பக்கத்தில் முகம் என்று மேலே சொன்னேனே, கைப் பகுதி சும்மா கிடந்ததால் பக்கத்து முகம் வேலி தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று அவர் விளக்கினார். அழகான விளக்கம், உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் முழுக்கச் சரியா என்பதில் இப்போது சண்டை இருக்கிறது. 2013இல் தாமர் மேக்கின் என்பவரின் குழு, கை இழந்தவர்களை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் வைத்து இல்லாத கையை அசைக்கச் சொன்னபோது, பழைய கைப் பகுதி கைக்காகவே வேலை செய்வதைக் கண்டார்கள், அதுவும் நோ கூடியவர்களிடம் அது கூடத் தெளிவாக இருந்தது. அதாவது வேலி பெரிதாக நகரவில்லை, பழைய சொந்தக்காரர் உள்ளேயே இருக்கிறார். எனக்கு இரண்டாவது கட்சிதான் நம்பக்கூடியதாகத் தெரிகிறது, உங்கள் மாமா இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெருவிரலையும் குதிக்காலையும் வேறு வேறாகப் பிரித்துச் சொல்கிறார் என்பதை வைத்துப் பார்த்தாலும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. மூளை தகவல் வரும்வரை சும்மா காத்திருப்பதில்லை, என்ன இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து வைத்துக்கொண்டு, வருகிற தகவலால் அந்த ஊகத்தைத் திருத்துகிறது. பார்வையில் இதைப் பிடிப்பது சுலபம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பெருவிரல்களை நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இடது பெருவிரலை மட்டும் பாருங்கள், பார்வையை அசைக்கக் கூடாது. இப்போது வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வரும்போது அந்தப் பெருவிரலின் நுனி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளி வாங்கிகள் கிடையாது, அதனால் அங்கே விழுவது தெரியாது. ஆச்சரியம் என்னவென்றால் அங்கே கறுப்புப் பொட்டு ஒன்று தெரிவதில்லை. பின்னால் சுவர் இருந்தால் சுவர், வேப்பமரம் இருந்தால் இலை. மூளை பக்கத்தில் இருப்பதைப் பார்த்து இட்டு நிரப்பிவிடுகிறது. பிறந்ததில் இருந்து இரண்டு கண்ணிலும் ஓட்டையோடு திரிகிறோம், ஒருவருக்கும் தெரியாது.

உடம்புக்கும் இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னால் தொட்டுவிடுகிறோம், கை எங்கே என்று பார்க்கவில்லை. தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் வாங்கிகள் எந்த அங்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் அது முடிகிறது. ஐம்புலன் கணக்கில் இந்தப் புலன் வராது, ஆனால் ஐந்தில் ஒன்றை இழப்பதைவிட இதை இழப்பது கொடுமை. இங்கிலாந்தில் இயன் வோட்டர்மன் என்பவருக்கு 1971இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுகையும் இந்த நிலை உணர்வும் முழுக்கப் போய்விட்டன. தசைகளில் பலம் இருந்தது, ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, மனதில் கணக்குப் போட்டு, திரும்பவும் நடக்கப் பழகினார். லைற் அணைந்தால் விழுந்துவிடுவார். அவருக்குக் கால் இருந்தது, உணர்வு இல்லை. உங்கள் மாமாவுக்கு உணர்வு இருக்கிறது, கால் இல்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடம்பு வேறு, மூளை வைத்திருக்கும் உடம்பு வேறு என்பது தெரியும்.

பெருவிரல் மடங்கி இழுப்பதற்கு ராமச்சந்திரன் சொன்ன விளக்கம் இந்த இடத்தில் பொருந்துகிறது. மூளை "விரலை நிமிர்த்து" என்று கட்டளை அனுப்புகிறது, "நிமிர்ந்தாச்சு" என்று தசையில் இருந்தும் கண்ணில் இருந்தும் பதில் வர வேண்டும். பதில் வருவதில்லை. இன்னும் பலமாக அனுப்புகிறது, இன்னும் பதில் இல்லை. மடங்கிய விரல் மடங்கியபடியே இறுகுகிறது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சொல்லமாட்டேன், விளக்கம்தான், ஆனால் இந்த விளக்கத்தில் இருந்துதான் கீழே சொல்லப்போகிற வைத்தியம் பிறந்தது.

எரிவைப் பற்றி ஒரு வரி. தீ இல்லாமல் எரிவு வருவது அதிசயம் இல்லை, சம்பலில் மிளகாய் கூடினால் வாய் எரிகிறதே. 43 பாகை செல்சியஸ் அளவில் திறக்க வேண்டிய வெப்ப வாங்கியை மிளகாயில் உள்ள கப்சைசின் சூடு இல்லாமலே திறந்துவிடுகிறது என்று 1997இல் கண்டுபிடித்ததற்கும் சேர்த்துத்தான் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த நரம்பு துடித்தால் எரிவு, ஏன் துடித்தது என்பது வேறு விஷயம்.

இனி அந்த "மனதில்தான்" என்ற பேச்சுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு. எல்லா நோவும் மூளையில்தான் உண்டாகிறது, உங்களுக்குப் பல்லில் வருவதும் சேர்த்து. அப்படி இருக்க, கால் இல்லாதவரிடம் மட்டும் "மனதில்தான்" என்றால் "நீ சொல்வது பொய்" என்றுதான் அவருக்குக் கேட்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிச்செல் என்ற வைத்தியர், இதைப் பற்றி 1866இல் முதலில் எழுதியபோது தன் பெயரைப் போடாமல் கதையாக ஒரு சஞ்சிகையில் எழுதினார். 1871இல்தான் சொந்தப் பெயரில் எழுதி, "ஆவி உறுப்பு" என்ற கருத்தில் ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்தில் இன்றைக்கும். அந்தக் காலத்து வைத்தியருக்கே சொல்லக் கூச்சம் என்றால் மாமாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றுக்கொன்று கணக்கு வைத்துப் போவதில்லை என்பது இடம்பெயர்ந்து திரிந்த சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செல் துண்டு பட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பங்கருக்குள் இறங்கிய பிறகு இரத்தத்தைப் பார்த்துத்தான் காயம் என்று தெரிந்தது எனச் சொல்பவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் கடுமையாகக் காயப்பட்ட படையினரிடம் நோ மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார், நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள், 1946இல் எழுதினார். மூளையில் இருந்து முண்ணாணுக்குக் கீழ்நோக்கி வரும் நரம்பு வழிகள் உண்டு, உயிர் தப்புவது முதல் வேலை என்றால் அவை நோத் தகவலை முண்ணாணிலேயே அடக்கிவிடும். மறுவளமாக, இரவு, தனிமை, நித்திரை இல்லை, கவனம் திருப்ப ஒன்றும் இல்லை என்றால் சின்னத் துடிப்பையும் பெரிதாக்கிவிடும். மாமாவுக்குப் பகலில் வயலில் தெரியாதது இரவில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாமியின் நேர்த்தியை நான் சிரிக்கமாட்டேன். சுகம் வரும் என்ற எதிர்பார்ப்பே மூளையில் இயற்கையான நோ அடக்கிகளைச் சுரக்கச் செய்யும். பல் பிடுங்கியவர்களுக்கு மருந்து என்று சொல்லி மருந்தே இல்லாத ஒன்றைக் கொடுத்து, அதில் கிடைத்த சுகத்தை அந்தச் சுரப்புகளைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தால் இல்லாமல் செய்து காட்டினார்கள், அது 1978இல். பொங்கலுக்குப் போய் வரட்டும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது.

செய்யக்கூடியது என்ன என்றால், முதலில் கண்ணாடி. ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களுக்குச் செய்து பார்த்த எளிய வழி இது. காலுக்கு இதைச் சரியாகச் சோதித்தது 2007இல், வோஷிங்டனில் ஒரு இராணுவ வைத்தியசாலையில். 22 பேரை எடுத்து மூன்றாகப் பிரித்தார்கள், 18 பேர் முடித்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நாலு கிழமையில் நோ குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடிக்கு முன்னால் அதே பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. சின்ன ஆய்வு, அதை வைத்து எல்லோருக்கும் சுகம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பிறகு வந்தவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆதாரம் இன்னும் பலவீனம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் செலவு ஒரு கண்ணாடி, பக்க விளைவு பெரிதாக இல்லை, செய்து பார்க்காமல் விடுவதற்குக் காரணமும் இல்லை.

மாமாவை அகலமான வாங்கிலோ கட்டிலிலோ சுவரில் சாய்ந்து, காலை நீட்டி இருக்கச் சொல்லுங்கள். பொய்க்காலைக் கழற்ற வேண்டும், இடது காலில் நூலோ சொக்ஸோ இருந்தால் அதையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் கண்ணாடியில் தெரிவது வலது கால் என்று மூளை நம்ப வேண்டும். அலுமாரிக் கண்ணாடி மாதிரி நீளமான, வளைவில்லாத ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவே நீளவாக்கில் நிறுத்துங்கள், முகம் தெரியும் பக்கம் இடது காலைப் பார்த்து இருக்க வேண்டும், விளிம்புக்கு ரேப் ஒட்டிவிடுங்கள். வலப்பக்கத்து மிச்சக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். இப்போது மாமா கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருக்கும். அவசரப்படுத்தக் கூடாது, முதல் தரம் பார்க்கும்போது சிலர் அழுவார்கள், சிலருக்குத் தலை சுற்றும், அப்படியென்றால் அன்றைக்கு அது போதும். பிறகு இடது பாதத்தை மெதுவாக மேலே கீழே அசைத்து, இல்லாத வலது பாதத்தையும் அதே நேரத்தில் அதே மாதிரி அசைப்பதாக முயல வேண்டும். விரல்களை மடக்கி, மிக ஆறுதலாக விரிக்க வேண்டும். அந்த இறுகிய பெருவிரலுக்கு இதுதான் முக்கியமான அசைவு. ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம், நாலு கிழமை விடாமல். கண்ணாடியில் இருந்து பார்வை விலகினால் பலன் இல்லை, ஆகவே ரீவியை நிப்பாட்டிவிட்டுச் செய்யட்டும்.

கண்ணாடியோடு தொடுகையும் சேர்ந்தால் நல்லது. கம்போடியாவில் மிதிவெடியில் கால் இழந்தவர்களிடம் செய்த ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது, மிச்சக்காலைத் தாங்களே தொட்டுத் தடவிக்கொள்வதும் உதவியது, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இன்னும் நன்றாக இருந்தது. இடிபட்ட இடத்தை நாம் தானாகவே தேய்க்கிறோம் இல்லையா, அதற்குள்ளும் காரணம் இருக்கிறது, தொடுகை நரம்புகள் விரைவானவை, அவை முண்ணாணில் நோத் துடிப்புக்கு வழியை ஒடுக்கிவிடுகின்றன. மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன கோட்பாடு அது, பிறகு நிறையத் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிற்கிறது. எண்ணெய் போட்டு, முதலில் மென்மையான துணி, பிறகு சொரசொரப்பான துவாய் என்று தேய்த்துப் பழக்கினால் அந்த முடிச்சின் கூச்சமும் குறையும்.

மருந்து என்று பார்த்தால் பனடோல் இதற்குப் பெரிதாகக் கேட்காது. நரம்பு நோவுக்கு அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்றவற்றை வைத்தியர்கள் குறைந்த அளவில் தொடங்கிப் பார்ப்பதுண்டு. அமிற்றிப்ரிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து, பெட்டியில் இருக்கும் தாளை வாசித்துவிட்டு "என்னை விசரன் என்று நினைத்துவிட்டாங்கள்" என்று மாமா எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நரம்பு நோவுக்கு அதைக் கொடுப்பது வழமையானதுதான். நீங்களாக ஃபார்மசியில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பொய்க்காலையும் ஒருமுறை காட்ட வேண்டும். ஜெய்ப்பூர் கால் நம் ஆக்களுக்குப் பொருந்திய கால், 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் செய்தது, செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், சேற்று வயலில் இறங்கலாம். ஆனால் காலப்போக்கில் மிச்சக்கால் மெலியும், தொளதொளத்த பொய்க்கால் ஒரே இடத்தில் உரசி அந்த நரம்பு முடிச்சைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். தோல் சிவந்து, புண்பட்டு, வீங்கி இருந்தாலோ, நோவின் தன்மை திடீரென்று மாறினாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும், சீனி வருத்தம் இருந்தால் இன்னும் கெதியாக.

இன்னொன்று, இரவில் நித்திரைத் தூக்கத்தில் எழும்பும்போது இல்லாத காலை நிலத்தில் ஊன்றி விழுந்தவர்கள் நிறையப் பேர். மூளைக்கு அந்த நேரம் இரண்டு காலும் இருக்கிறது. ஊன்றுகோலைக் கட்டிலின் வலப்பக்கம், கை தானாகப் போய்ப் படுகிற இடத்தில் சாத்தி வையுங்கள், மூலையில் வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், எங்கே, எப்போது, எப்படி நோகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், "மிச்சக்கால் நோகிறதா, இல்லாத கால் நோகிறதா" என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்புக்குள் செல் துண்டு இருக்கலாம் என்பதைக் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மெசினின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைக்கக்கூடியது. முதலில் ஒரு சாதாரண எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு செய்வார்கள்.